நோய்நிலை உணர்த்தல்: லூபஸ் நோயின் அறிதிறன் பாதிப்புகளை முன்வைத்துத் தமிழ் நோய்ப்புனைவு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

லூபஸ் எனப்படும் தன்னுடல் தாக்குநோய், தோலையும் மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் மட்டுமன்றி நரம்பு மண்டலத்தையும் பாதிக்கின்றது. மறதி, கவனச்சிதறல், சொல் தேடித் தடுமாறல் முதலியன அதன் விளைவுகளுள் அடங்கும். இவ்வகை நோய், நோயுற்றவர் தம் நிலையை எடுத்துரைப்பதற்குரிய கருவியையே தாக்குவதால், அதனைச் சொல்வதும் கேட்பதும் இலக்கியச் சிக்கலாகவும் அமைகின்றன. திருக்குறளின் மருந்து அதிகாரம், அதற்குப் பரிமேலழகர் வகுத்த உரை, புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’, எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’, மறைமலையடிகளின் உளநூல்கள் ஆகியவற்றைக் கொண்டு, இச்சிக்கலை எதிர்கொள்ளத் தமிழ் உரைநடையிடம் உள்ள வளங்களையும் குறைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

திறவுச்சொற்கள்: நோய்ப்புனைவு, லூபஸ், அறிதிறன், பொச்சாப்பு, காதுகள், செல்லம்மாள், மறைமலையடிகள்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, மருத்துவத்தின் உறுப்புகளை நான்காகப் பகுத்துக் காட்டி நிறைவடைகின்றது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்னும் அந்நான்கனுள் நோயுற்றவரே முதலில் வைக்கப்பட்டுள்ளார். அக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்பையும் மீண்டும் நான்காக விரிக்கின்றார். நோயுற்றவருக்கு அவர் கூறும் இயல்புகளுள் பொருள்வளம், மருத்துவர் சொல்வழி நிற்றல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியவற்றோடு ‘நோய்நிலை உணர்த்தல்’ என்பதும் ஒன்றாகும். தம் நோயின் நிலையைத் தாமே எடுத்துரைக்க வல்லவரே மருத்துவத்தின் முதல் உறுப்பாக இருக்கத் தக்கவர் என்பது இதன் உட்பொருள்.

இவ்வுரைக் குறிப்பு பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் பொருளிழக்கவில்லை. எக்ஸ்ரேயும் குருதிச் சோதனையும் வந்த பின்னரும், மருத்துவர் முதலில் கேட்பது ‘என்ன செய்கிறது?’ என்னும் வினாவையே. நோயுற்றவரின் விடையே பிற சோதனைகளுக்கு வழி திறக்கின்றது. ஆனால் உணர்த்தும் ஆற்றலையே ஒரு நோய் குலைக்குமாயின், அம்முதல் உறுப்பின் நிலை யாதாகும்? அவர் சொல்வதைச் சான்றாகக் கொள்வதா, நோயின் அறிகுறியாகக் கொள்வதா? லூபஸ் நோயின் நரம்பியல் விளைவுகளோடு வாழ்பவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் இவ்வினா, தமிழ் நோய்ப்புனைவை மீள வாசிப்பதற்கான அடிப்படையாக இங்குக் கொள்ளப்படுகின்றது.

நோயின் பெயரும் இயல்பும்

‘லூபஸ்’ என்னும் இலத்தீன் சொல் ஓநாயைக் குறிப்பது. முகத்தை அரித்துத் தின்பது போன்ற புண்களுக்கு இடைக்கால ஐரோப்பிய மருத்துவம் இட்ட பெயர் அது. ஒரே பெயரால் வேறுவேறு நோய்கள் நெடுங்காலம் வழங்கப்பட்டன. தோலில் தோன்றும் காசநோயும் லூபஸ் என்றே அழைக்கப்பட்டது. அதனை ஒளிக்கதிரால் குணப்படுத்தியமைக்காக 1903இல் நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு பெற்றார். இன்று லூபஸ் என்று பொதுவாகச் சுட்டப்படும் தன்னுடல் தாக்குநோய்க்கோ சூரிய ஒளி கேடு செய்வது. பெயர் ஒன்றாக இருந்தும், ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சாகின்றது.

இந்நோய் தோலோடு நில்லாமல் உடல் முழுவதும் பரவக்கூடியது என்பதை 1872இல் மோரிட்ஸ் கபோசி விளக்கினார். அதன் உள்ளுறுப்புப் பாதிப்புகளை 1895 முதல் வில்லியம் ஆஸ்லர் தொடர்ந்து எழுதினார். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் தன் திசுக்களையே அயலாகக் கருதித் தாக்குவதே நோயின் அடிப்படை. நோயுற்றோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் மகப்பேற்று வயதினர். அமெரிக்க வாதநோயியல் கல்லூரி 1999இல் இந்நோயின் நரம்பியல், உளவியல் வெளிப்பாடுகளை 19 வகைகளாக வரையறுத்தது. அவற்றுள் 12 மூளை, தண்டுவடம் சார்ந்தவை. 7 புற நரம்புகள் சார்ந்தவை. வலிப்பு, பக்கவாதம், மனப்பிறழ்வு, மனச்சோர்வு ஆகியவற்றோடு அறிதிறன் குறைபாடும் இப்பட்டியலில் இடம்பெறுகின்றது.

அறிதிறன் குறைபாடு பெரும்பாலும் ஆரவாரமின்றி வருவது. படித்த பத்தி மனத்தில் தங்காமை, அடுப்பில் பால் வைத்ததை மறத்தல், இரு வேலைகளை ஒருங்கே செய்ய இயலாமை, நன்கறிந்த சொல் நாவின் நுனியில் நின்றுவிடுதல் என அது வெளிப்படுகின்றது. முதுமை மறதி நோயைப் போல ஒரே திசையில் தேய்ந்து செல்வதாகவும் அது அமைவதில்லை. ஒருநாள் தெளிவும் மறுநாள் மூட்டமுமாக ஏறியிறங்குவதுண்டு. மூளையின் எம்ஆர்ஐ படம் இயல்பாகவே இருக்கலாம். நோயாலா, நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தாலா, உறக்கமின்மையாலா, மனச்சோர்வாலா என்று காரணத்தைப் பிரித்தறிவது மருத்துவருக்கும் எளிதன்று. ஆகவே இக்குறைபாட்டின் இருப்புக்கு நோயுற்றவரின் சொல்லே பெரிதும் சான்றாகின்றது. அச்சொல்லோ ஏற்கெனவே தளர்ந்து நிற்கின்றது.

பொச்சாப்பும் மறதியும்

மறதியைத் தமிழ் மரபு எவ்வாறு மதிப்பிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. அங்குக் கடியப்படும் பொச்சாப்பு, மகிழ்ச்சிச் செருக்கில் கடமையை மறந்திருக்கும் சோர்வு. அது அரசியலில் வைத்துச் சொல்லப்பட்டது; ஆள்வோனின் விழிப்பைக் குறித்தது. விழிப்போடிருக்க வல்லவன் விழிப்பின்றி இருந்தமையே அவ்வதிகாரத்தில் குற்றமாகின்றது. இயலாமையால் வரும் மறதியை வள்ளுவர் அங்குப் பேசவில்லை.

அன்றாட வழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிடுகின்றது. மறந்தவரைப் பார்த்துக் ‘கவனமில்லை’, ‘அக்கறையில்லை’, ‘மனசு வேறெங்கோ இருக்கிறது’ என்று கூறும் தொடர்கள் யாவும் மறதியை விருப்பத்தின் குறைவாகவே காண்கின்றன. நினைவு ஓர் உடலுறுப்பின் செயல் என்னும் கருத்து அத்தொடர்களில் இல்லை. அது நன்னடத்தையின் பகுதியாகவே கருதப்படுகின்றது. வீட்டின் நினைவுப் பொறுப்பு முழுவதும் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் குடும்ப அமைப்பில் இதன் சுமை இன்னும் கூடுகின்றது. மாமனாரின் மாத்திரை நேரம், குழந்தையின் பள்ளிக் கட்டணம், எரிவாயு உருளைப் பதிவு, உறவினர் வீட்டு விசேட நாள் ஆகியவற்றை நினைவில் வைத்திருப்பவள் என்பதாலேயே ஒரு பெண் ‘பொறுப்பானவள்’ எனப் பெயர் பெறுகின்றாள். அவ்வாறிருக்க, பெண்களையே மிகுதியும் பற்றும் ஒரு நோய் அந்நினைவைக் குலைக்கும்போது, இழக்கப்படுவது அறிதிறன் மட்டுமன்று; நல்லவள் என்னும் பெயரும் சேர்ந்தே இழக்கப்படுகின்றது. நோயின் பெயரால் விளக்கப்படாத மறதிக்குக் குணத்தின் பெயரே விளக்கமாகிவிடுகின்றது.

செல்லம்மாள்: பேணுபவரின் கண்

நோய்வாய்ப்பட்ட பெண்ணைத் தமிழ்ப் புனைவு எழுதிய முறைக்குப் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ (1943) உச்சமான எடுத்துக்காட்டு. சென்னையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயாளியான மனைவியைப் பேணுவதும் இழப்பதும் கதை. இறப்பில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும் அமைப்பு, இரக்கத்தை வேண்டி நிற்காத நடை, வறுமையின் நுணுக்கமான கணக்குகள் ஆகியவை அதனைத் தமிழின் சிறந்த சிறுகதைகளுள் ஒன்றாக்கியுள்ளன.

எனினும் நோய்நிலை உணர்த்தல் என்னும் அளவுகோலால் நோக்கும்போது, கதை முழுவதும் பேணுபவரின் பார்வையிலேயே இயங்குவது புலப்படும். செல்லம்மாளின் உடல் அவர் கண்வழியே தெரிகின்றது. அவளுடைய மூச்சு அவர் காதுவழியே கேட்கின்றது. அறிவு மயங்கிய நிலையில் அவள் கணவரையே தாயாகக் கருதிப் பேசும் பகுதி இவ்வகையில் முக்கியமானது. ஊருக்குப் போய்விடும் ஆவலும் கணவர்மீதான குற்றச்சாட்டும் அப்பேச்சில் வெளிப்படுகின்றன. தெளிந்த நேரத்தில் அவள் சொல்லாததை மயக்கம் சொல்கின்றது. அதனை வெற்றுப் பிதற்றல் என்பதா, வாழ்நாளெல்லாம் அடக்கி வைத்த உண்மை என்பதா என்று கதை தீர்ப்பளிப்பதில்லை. பிரமநாயகம் பிள்ளையும் அதனை மறுப்பதில்லை. தாயாகவே நின்று கேட்டுக்கொள்கின்றார்.

பேச்சைத் திருத்தாமல் கேட்கும் இச்செயல் தமிழ்ப் புனைவு தந்துள்ள அரியதொரு முன்மாதிரி. ஆனால் கேட்டதன் பொருள் அவரிடமே தங்கிவிடுகின்றது. மயக்கத்தின் உள்ளே அவளுக்கு உலகம் எவ்வாறு தெரிந்தது என்பதற்குக் கதையில் இடமில்லை. மேலும், கதையின் காலம் இறப்பை நோக்கிச் செல்வது. அதன் முதல் வரியிலேயே முடிவு தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ஏறியிறங்கும் நோயோடு முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டியவருக்கு இக்கால அமைப்பு பொருந்துவதில்லை. இது புதுமைப்பித்தனின் குறையன்று. காசநோயின் காலத்தில் நோய்க்கதை இறப்பை நோக்கி நகர்ந்தது இயல்பே. அவரும் அந்நோயாலேயே 1948இல் மறைந்தார்.

காதுகள்: உள்ளிருந்து ஒலிக்கும் சான்று

எம்.வி. வெங்கட்ராமின் (1920–2000) ‘காதுகள்’ நாவல் இப்பார்வையைத் தலைகீழாக்குகின்றது. 1992இல் வெளிவந்து 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவல், ஆசிரியரின் சொந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது. எழுத்தாளனும் முருக பக்தனுமாகிய மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் ஒலிக்கத் தொடங்குகின்றன. அவை ஏசுகின்றன, கேலி செய்கின்றன, தமக்குள் பேசிக்கொள்கின்றன. வெளியே தொழில் சரிகின்றது. குடும்பம் வறுமையில் ஆழ்கின்றது.

இந்நாவலை ஆன்மிகப் போராட்டத்தின் உருவகமாக வாசிப்பதும், மனப்பிறழ்வின் ஆவணமாக வாசிப்பதும் தமிழ்த் திறனாய்வில் நிலவும் இரு போக்குகள். இவ்விரண்டும் குரல்கள் யாவை என்னும் வினாவுக்கே விடை தேடுகின்றன. குரல்களோடு மகாலிங்கம் எவ்வாறு வாழ்கின்றான் என்னும் வினாவை எழுப்பினால் நாவலின் வேறொரு சாதனை வெளிப்படும். தனக்குக் கேட்பது பிறருக்குக் கேட்பதில்லை என்பதை அவன் அறிவான். அவ்வறிவு குரல்களை நிறுத்துவதில்லை. ஆயினும் பிறரோடு பேசவும் எழுதவும் குடும்பத்துக்காக அலையவும் அவன் முயன்றுகொண்டே இருக்கின்றான். கலங்கிய அறிவும் அக்கலக்கத்தைக் காணும் அறிவும் ஒரே தலைக்குள் ஒருங்கே இயங்கக்கூடும் என்பதைத் தமிழ் உரைநடையில் இவ்வளவு விரிவாக நிறுவிய படைப்பு வேறொன்றைச் சுட்டுவது அரிது.

‘காதுகள்’ லூபஸைப் பற்றிய நாவல் அன்று. மகாலிங்கத்துக்கு மருத்துவப் பெயரிடுவது திறனாய்வின் வேலையும் ஆகாது. புனைவு மாந்தரை நோயாளிப் பட்டியலில் சேர்ப்பது படைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும். ஒப்புமை நோயில் இல்லை. சொல்லும் நிலையில் உள்ளது. நோயுற்றவரின் அறிவு குலைந்திருப்பின் அவர் சொல் செல்லாது என்னும் பொதுக் கருத்தை இந்நாவல் மறுக்கின்றது. அறிவின் ஒரு பகுதி தளர்ந்திருக்க மற்றொரு பகுதி அத்தளர்ச்சியைத் துல்லியமாகக் கண்டு சொல்லக்கூடும். ‘எனக்குச் சொல் வரவில்லை’ என்று சொல்பவர், அத்தொடரைச் சொல்லியே விடுகின்றார் அல்லவா? லூபஸ் நோயாளியின் அறிதிறன் முறையீட்டைக் கேட்பவர் மறக்கக்கூடாத உண்மை இது.

நாவலின் எல்லையும் இங்குக் குறிக்கத்தக்கது. குரல்கள் பேசுபவை, உரையாடலாக எழுதத்தக்கவை. இல்லாத ஒன்று மிகுதியாகத் தோன்றும் அனுபவம் அது. அறிதிறன் குறைபாடோ இருந்த ஒன்று வாராமற்போகும் அனுபவம், அதற்கு ஓசையில்லை. மிகையை எழுதும் உத்திகள் இன்மையை எழுத உதவுவதில்லை. நகுலனின் ‘நினைவுப் பாதை’ (1972) துண்டுகளாகவும் குறிப்புகளாகவும் நினைவைக் கலைத்துப் போடும் வடிவத்தால் அத்திசையில் ஓர் அடி வைக்கின்றது. ஆயினும் அங்குச் சிதறல் ஒரு மெய்யியல் தேடலின் வடிவம். நாளைக்குச் செல்ல வேண்டிய வேலையை நினைவில் கொள்ள இயலாதவரின் சிதறல் அன்று.

உலக இலக்கியத்தில் லூபஸோடு வாழ்ந்த படைப்பாளி என முதலில் நினைக்கப்படுபவர் அமெரிக்கரான ஃபிளானரி ஓ’கானர் (1925–1964). தந்தையை 1941இல் இந்நோய்க்குப் பறிகொடுத்த அவர், தாமும் அந்நோயாலேயே 39ஆம் வயதில் மறைந்தார். காலையில் சில மணிநேரம் மட்டுமே எழுத்துக்கெனக் காத்துக்கொண்ட அவருடைய கடிதங்கள் 1979இல் நூலாயின. நோயை நகைச்சுவையோடு எழுதியவர் கடிதங்களில்தான் அவ்வாறு செய்தார். புனைவில் லூபஸை நேரடியாக எழுதவில்லை. நோயுற்றவரின் நேர்ச்சொல் புனைவுக்கு வெளியே, கடிதம் போன்ற எளிய வடிவங்களில் தங்கியிருக்கலாம் என்பதை இது காட்டுகின்றது. தமிழில் அவ்வடிவங்கள் திறனாய்வின் கவனத்தைப் பெற்றது குறைவு.

மறைமலை நகர்: இடமும் சொல்லும்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதி நோயின் வரலாற்றை ஊர்ப்பெயரிலேயே தாங்கியுள்ளது. 1928இல் டேவிட் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால், தாம்பரத்துக்கு அடுத்த தொடர்வண்டி நிலையமே ‘சானடோரியம்’ ஆயிற்று. காசநோய்க்குத் தனி இடம், தனிக் கட்டடம், திறந்த வெளி, காற்று ஆகியவை ஒதுக்கப்பட்டன. இருமலும் இளைப்பும் அந்நோயைக் கண்ணுக்குக் காட்டின. அதே இருப்புப்பாதையில் தெற்கே அமைந்துள்ள மறைமலை நகர், தொழிற்சாலைகளையும் அவற்றின் பணிமுறை நேரங்களையும் சார்ந்து வளர்ந்த புதுநகரம். சங்கொலிக்கும் வண்டி நேரத்துக்கும் கட்டுப்பட்ட வாழ்க்கை அது. வெயில் கொளுத்தும் நடைமேடையில் நிற்பது லூபஸ் நோயாளியின் உடலுக்குக் கேடு. மாறிமாறி வரும் இரவுப்பணி உறக்கத்தைக் குலைத்து அறிதிறனை மேலும் தளர்த்தும். ஆனால் அவர் நோயாளியாகத் தோற்றமளிப்பதில்லை. கையெழுத்திட மறந்த ஒரு படிவமும் தவறவிட்ட ஒரு வண்டியும் அவருடைய நோயின் அறிகுறிகளாக அல்ல, ஒழுங்கின்மையாகவே பதிவாகின்றன.

சட்டமும் இத்தெளிவின்மையைப் பகிர்ந்துகொள்கின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகின்றது. நாட்பட்ட நரம்பியல் நிலைகள் என்னும் தலைப்பின்கீழ் அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் பார்க்கின்சன் நோயையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. லூபஸ் அப்பட்டியலில் பெயர் பெறவில்லை. பெயரில்லாத இடத்தில் எடுத்துரைப்பே வழக்காட வேண்டியிருக்கின்றது.

அந்நகரின் பெயருக்குரியவரான மறைமலையடிகள் (1876–1950) இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கவர். 1911இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரத்தில் வாழ்ந்த அவரைத் தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராகவே ஆய்வுலகம் பெரிதும் அறியும். ‘யோக நித்திரை அல்லது அறிதுயில்’, ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’, ‘தொலைவிலுணர்தல்’ ஆகிய நூல்களின்வழி உள்ளத்தின் இயக்கத்தைத் தமிழ் உரைநடையில் விளக்க முற்பட்டவரும் அவரே. துயிலும் அறிவும் ஒருங்கே நிகழும் நிலைக்கு, திருமாலின் உறக்கத்தைக் குறித்த பழஞ்சொல்லாகிய அறிதுயிலை அவர் எடுத்தாண்டது ஒரு பெரும் வழிகாட்டல். அகநிலைகளைச் சொல்ல வேண்டிய சொற்கள் மரபிலேயே காத்திருக்கின்றன என்பதை அது மெய்ப்பித்தது.

ஆயினும் அந்நூல்கள், உள்ளத்தின் ஆற்றல் உடலை ஆளவல்லது என்னும் அக்காலக் கருத்தோட்டத்தைச் சார்ந்தவை. லூபஸ் அவ்வொழுங்கை மாற்றிப் போடுகின்றது. உடலின் காவல் அமைப்பு உள்ளத்தின் வினைகளைத் தடுக்கின்றது. ‘மனத்தைத் திடமாக வைத்துக்கொள்’ என்னும் அறிவுரை, மனம் இயங்கும் உறுப்பே தாக்குண்டவருக்கு ஆறுதலாவதில்லை; மேலும் ஒரு குற்றச்சாட்டாகவே முடிகின்றது. அடிகளிடமிருந்து பெற வேண்டியது அவருடைய சொல்லாக்க நம்பிக்கையை. விட வேண்டியது அந்நூல்கள் சார்ந்து நின்ற உளமுதன்மைக் கோட்பாட்டை.

மூளை மூட்டம் என்பது ஆங்கில வழக்கின் மொழிபெயர்ப்பாகத் தமிழில் இன்று பரவுகின்றது. தமிழகச் சமவெளியில் வாழ்பவருக்கு மூடுபனி அன்றாட அனுபவமன்று. ஆகவே உருவகம் முழுமையாகப் பற்றுவதில்லை. பேச்சுத்தமிழ் வேறு தொடர்களை வைத்துள்ளது. ‘தலை ஓடவில்லை’ என்பது வேகக் குறைவையும், ‘வாயில் வரமாட்டேன் என்கிறது’ என்பது சொல் தேடலையும், ‘ஒன்றும் மனசில் நிற்கவில்லை’ என்பது பதிவுக் குறைவையும், ‘கை ஓடவில்லை’ என்பது தொடங்க இயலாமையையும் குறிக்கின்றன. அறிதிறன் ஆய்வு வேகம், மொழி, நினைவு, செயல்திட்டம் எனப் பிரித்துக் காணும் கூறுகளைப் பேச்சுவழக்கு தன்னளவில் முன்னரே பிரித்து வைத்துள்ளது. இவற்றைப் பொதுவான சலிப்பாகக் கேட்கும் செவி, நோய்நிலை உணர்த்தலைத் தவறவிடுகின்றது. மருத்துவமனை உரையாடல்களில் இத்தொடர்களின் பொருளெல்லையைத் தொகுத்து ஆராய்வது தமிழ் மொழியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஒருங்கே பயன் தரும் பணியாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: வள்ளுவரின் பொச்சாப்பு ஆற்றலுடையோரின் சோர்வைக் குறித்தது, அதனை இயலாமையால் வரும் மறதிக்கு ஏற்றுதல் நூலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. ‘செல்லம்மாள்’ குலைந்த பேச்சைத் திருத்தாமல் கேட்கும் பேணுபவரைக் காட்டியது. ஆனால் நோயுற்றவரின் அகத்துக்குள் செல்லவில்லை. ‘காதுகள்’ அவ்வகத்திலிருந்தே பேசி, கலங்கிய அறிவும் சான்று பகர வல்லது என நிறுவியது. ஆனால் ஓசையற்ற இழப்பை எழுதும் தேவை அதற்கு ஏற்படவில்லை. ஏறியும் இறங்கியும் முடிவின்றித் தொடரும் காலத்தையும், வாராத சொல்லின் வெற்றிடத்தையும் தாங்கும் நோய்ப்புனைவு தமிழில் இனித்தான் எழுதப்பட வேண்டும்.

அதுவரை திறனாய்வு செய்யத்தக்கது ஒன்றுண்டு. நோயுற்றோரின் நாட்குறிப்பு, கடிதம், மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்த நினைவுக் குறிப்பு ஆகியவற்றையும் பனுவலாக ஏற்று வாசித்தல் வேண்டும். மறந்துவிடாமலிருக்க எழுதப்பட்ட பட்டியல், அடித்துத் திருத்தப்பட்ட பெயர், பாதியில் நின்ற தொடர் என்பன அங்குப் பிழைகள் அல்ல. பரிமேலழகர் நோயுற்றவரிடம் எதிர்பார்த்த நோய்நிலை உணர்த்தல், உரிய சொல் வாராத நிலையிலும் அங்கு நிகழ்ந்துகொண்டிருக்கின்றது.